ஹை-ரெஸ்ஸில் 'திரில்லர்' கேட்பது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலையில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவுகளில் சிலர் கூடி ஒரு அல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்போம். மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' எங்களிடம் ஹை-ரெஸ் கோப்பாக இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து, காண்கிற இடமெல்லாம் இதைப் பற்றியே கேட்கிறார்கள். கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவரவர் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன.

ஹை-ரெஸ் எண்டா என்ன அண்ணா? சாதாரணப் பாட்டுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

ஒலியை டிஜிட்டலாகப் பதியும்போது அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதுகிறார்கள். இறுவட்டில் (சிடி) நொடிக்கு 44,100 அளவுகள், அதாவது 44.1 கிலோஹேர்ட்ஸ்; ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 16 இரும இலக்கம். இதைத் தாண்டிய எதையும் ஹை-ரெஸ் என்று விற்கிறார்கள். அதிகம் கிடைப்பது 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ். 192 கிலோஹேர்ட்ஸிலும் உண்டு.

எம்பி3 வேறு வகை. கோப்பு சிறிதாக வேண்டும் என்பதற்காக, காதுக்குப் பிடிபடாது என்று கணக்கிட்ட பகுதிகளை அதில் எறிந்துவிடுகிறார்கள். ஃப்ளாக் கோப்பில் எதையும் எறிவதில்லை. சுருக்கி வைத்து, பாடும்போது முழுதாக விரிக்கிறார்கள். பழைய 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 கேட்டுப் பழகியவர் இறுவட்டுத் தரத்துக்கு வந்தாலே தாளத்தட்டின் ஒலி தெளிவதை உணர்வார். அதற்கு மேலே போகப் போக வித்தியாசம் மிக நுணுக்கமாகிவிடும்.

அப்ப நம்பர் கூடக்கூட சத்தம் நல்லா இருக்கும்தானே?

அப்படி இல்லை. கிலோஹேர்ட்ஸ் எண் எவ்வளவு கீச்சுக்குரல் வரை பதியலாம் என்பதைச் சொல்கிறது, அந்த எண்ணில் பாதி வரை. 44.1 என்றால் சுமார் 22 கிலோஹேர்ட்ஸ். இளம் காதுக்கே 20 கிலோஹேர்ட்ஸ்தான் எல்லை. பிட் எண் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையிலான தூரத்தைச் சொல்கிறது: 16 பிட்டில் சுமார் 96 டெசிபல், 24 பிட்டில் ஏட்டளவில் 144.

டிஜிட்டல் ஒலி படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும், எண் கூடினால் வழவழப்பாகும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். எண்களைத் திரும்ப ஒலியாக்கும் சுற்று, எல்லைக்குள் இருக்கும் அலையை முழு வளைவாகவே தருகிறது. படி எதுவும் வெளியே வருவதில்லை. 24 பிட் உண்மையில் கைகொடுப்பது ஸ்டூடியோவில்தான். பதியும்போதும், தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைக் கலக்கும்போதும் தாராளமாக இடம் விட்டு வேலை செய்யலாம்.

எத்தனையோ அல்பம் இருக்க ஏன் 'திரில்லர்'?

நன்றாகத் தெரிந்த பாட்டில்தான் மாற்றம் காதில் படும். ரெக்கோர்டிங் பாரில் அறுபது நிமிடக் கசெட்டில் அடித்து வாங்கிக் கேட்ட தலைமுறை இன்னும் ஊரில் இருக்கிறது. ஒன்பது பாட்டு, மொத்தம் 42 நிமிடம். கசெட்டுக்கு இரண்டு பக்கமும் சரியாக அடங்கிய அல்பம் அது.

அதைவிடப் பெரிய காரணம் அது பதியப்பட்ட விதம். லொஸ் ஏஞ்சலிஸின் வெஸ்ட்லேக் ஸ்டூடியோவில் 1982இல் குவின்சி ஜோன்ஸ் தயாரித்தார், புரூஸ் ஸ்வீடியன் ஒலிப்பதிவு செய்தார். டேப்பை திரும்பத் திரும்ப ஓட்டினால் அதன் மேற்பூச்சு தேய்ந்து கூர்மை போய்விடும் என்பதால், ஸ்வீடியன் முதலில் பதிந்த தாளப் பகுதி டேப்பை எடுத்து மூடி வைத்துவிடுவார். பாடுவது, மற்ற வாத்தியங்களைச் சேர்ப்பது எல்லாம் அதன் பிரதியோடு நடக்கும். கடைசியில் கலக்கும்போதுதான் மூல டேப்பை மற்ற இயந்திரத்தோடு நேரக் குறியீட்டால் இணைத்து ஓட்டுவார். அந்த அக்கறை இன்றைக்கும் அடிமேளத்தில் கேட்கிறது.

1982 டேப்பில ஹை-ரெஸ் எங்கயிருந்து வந்தது? அப்ப அப்பிடி ஒண்டும் இல்லையே.

நியாயமான கேள்வி. மூலம் அனலொக் டேப். அதற்குப் பிட்டும் இல்லை, கிலோஹேர்ட்ஸும் இல்லை. பிற்பாடு அந்த டேப்பை நல்ல இயந்திரத்தில் ஓட்டி 24 பிட்டில் புதிதாக டிஜிட்டலாக்குகிறார்கள். அதுதான் நாம் வாங்கும் கோப்பு.

டேப்புக்கு இயல்பாக ஓர் 'ஸ்ஸ்ஸ்' இரைச்சல் உண்டு. அந்த இரைச்சலுக்கும் அதிகபட்ச ஒலிக்கும் உள்ள தூரத்தை டிஜிட்டல் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 12, 13 பிட்தான் வரும். ஆகவே 16 பிட் இறுவட்டிலேயே டேப்பில் உள்ள அத்தனையும் அடங்கும். 24 பிட் எடுத்தால் கூடுதலாகக் கிடைப்பது டேப் இரைச்சலின் நுண்ணிய விவரம். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடுகிறது. ஆனால் ஒரு ஹை-ரெஸ் பதிப்பு நன்றாக இருக்கிறது என்றால், அதற்கான உண்மையான காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

ஒரே அல்பம் நாலைஞ்சு விதமாக் கிடக்கு. எதை எடுக்கிறது?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். கலந்து முடித்த டேப்பிலிருந்து விற்பனைக்கான பிரதியைத் தயாரிக்கும் கடைசிக் கட்டத்தை மாஸ்டரிங் என்பார்கள். 1982இல் 'திரில்லர்' மாஸ்டரிங்கைச் செய்தவர் பெர்னி கிரண்ட்மன். பிறகு 2001இல் ஒரு சிறப்புப் பதிப்பு, 2008இல் இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பு. 90களில் தொடங்கி உலகம் முழுக்கப் பாட்டுகளைச் சத்தமாக்கும் போட்டி நடந்தது. மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியின் தலையைத் தட்டி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்த இரண்டு பதிப்புகளும் முதல் பதிப்பைவிடச் சத்தம் கூடியவை.

அதனால் என்ன கெட்டுப்போகிறது என்று 'பில்லி ஜீன்' தொடக்கத்தில் கேளுங்கள். முதலில் மேளம் மட்டும். அடிமேளம், அடுத்து 'டப்' என்று சினெயர் என்ற சின்ன மேளம், அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வெறுமை. பழைய பதிப்பில் சினெயர் அந்த வெறுமையிலிருந்து எழும்பி வந்து நெஞ்சில் தட்டும். நசுக்கிய பதிப்பில் அந்த எழும்புதல் குறைகிறது. முதல் நிமிடம் 'ஆகா' என்றிருக்கும், நாலாவது பாட்டில் காது களைத்துவிடும்.

ஆகவே கோப்பை வாங்கும்போது எண்ணைப் பார்க்க முன்னர் எந்த வருடத்துப் பதிப்பு, யார் மாஸ்டரிங் என்று பாருங்கள். நசுக்கிய மாஸ்டரை 24 பிட்டில் கொடுத்தாலும் அது நசுங்கியதுதான். நல்ல மாஸ்டர் சாதாரண இறுவட்டில் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் அலையின் வடிவம் தெரியும். உச்சிகள் கூர்கூராக இருந்தால் நல்லது, புல்வெட்டியால் வெட்டியதுபோல் மட்டமாக இருந்தால் நசுக்கியிருக்கிறார்கள்.

என்ட போன்ல கேட்டாக் காணுமா? டாக் எண்டு ஒண்டு வாங்கவேணுமாம்.

டாக் என்பது எண்களை ஒலியாக்கும் சுற்று. அது எல்லாப் போனிலும் இருக்கிறது. ஹெட்போன் துளை இல்லாத போனில் யூஎஸ்பி-சி முனையில் செருகும் சின்ன வயர்த் துண்டு விற்கிறார்களே, பெரும்பாலும் அதற்குள்ளேயே ஒரு டாக் உண்டு. அப்பிள் விற்கும் துண்டு 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வரை போகும், சுத்தமான ஒலி. தொடங்குவதற்கு அது போதும்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். பெரும்பாலான ஆண்ட்ரொய்ட் போன்கள் வருவது எதுவானாலும் 48 கிலோஹேர்ட்ஸுக்கு மாற்றித்தான் வெளியே விடும். கோப்பின் எண்ணை மாற்றாமல் அப்படியே யூஎஸ்பி டாக்குக்கு அனுப்பும் வழி ஆண்ட்ரொய்ட் 14இல் வந்தது. அதற்கு முந்திய போன்களில் அதற்கென்றே உள்ள பிளேயர் செயலிகள் வேண்டும். ஐபோனிலும் 48ஐத் தாண்ட வெளி டாக் தேவை. விண்டோஸ் கணினியில் ஒலி அமைப்புக்குள் போய் 24 பிட், 96 என்று நீங்களே தெரிவுசெய்ய வேண்டும்.

புளூடூத் ஹெட்செட்டில ஹை-ரெஸ் கேட்கலாமா நானா?

கேட்கலாம், ஆனால் காதுக்கு வருவது ஹை-ரெஸ் இல்லை. சாதாரண எஸ்பிசி முறையில் போவது நொடிக்குச் சுமார் 328 கிலோபிட். எல்டேக் முறையில் அதிகபட்சம் 990. இறுவட்டுத் தரத்துக்கே 1,411 வேண்டும். வழியில் இன்னொரு முறை சுருக்குகிறார்கள், முதல் பதிலில் எம்பி3 பற்றிச் சொன்ன அதே வேலை. கடற்கரையில் நடக்கும்போது தாராளமாகக் கேளுங்கள். உட்கார்ந்து ஒப்பிட வயர் போடுங்கள்.

டேட்டா எவ்வளவு போகும்?

இந்த அல்பம் முழுவதும் 320 எம்பி3யில் சுமார் 100 எம்பி. இறுவட்டுத் தர ஃப்ளாக்கில் 300 எம்பியை ஒட்டி வரும். 24 பிட் 96இல் 900 எம்பி அளவு, 192இல் ஒன்றரை ஜிபியைத் தாண்டும். இரவு நேர டேட்டா வைத்திருப்பவர்கள் படுக்கப்போகும் முன் இறக்கப் போட்டுவிடுங்கள். ஓட விட்டுக் கேட்கும் சேவைகளில் 'தரம்' என்ற இடத்தில் வைஃபைக்கு ஒன்று, மொபைல் டேட்டாவுக்கு வேறொன்று என்று தனித்தனியாக வைக்கலாம். மொபைல் டேட்டாவுக்கு ஹை-ரெஸ் வைத்துவிட்டுப் பயணம் போகாதீர்கள்.

கையில கொஞ்சக் காசுதான் இருக்கு. எதில போட?

ஹெட்போனில். வயர் உள்ள, காதை முழுதாக மூடும் ஹெட்போன், அல்லது காதுக்குள் இறுக்கமாக நிற்கும் நல்ல இயர்போன். ஒரு ஹெட்போனுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஒரு ஒழுங்கான டாக்குக்கும் இன்னொன்றுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. தங்கமுலாம் வயர், விலைகூடிய பவர் கேபிள் என்று யாராவது விற்க வந்தால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ஸ்பீக்கர் ஏற்கெனவே இருந்தால் அதைச் சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் தள்ளி, இரண்டையும் காது உயரத்தில் வைத்து, நீங்கள் இருக்கும் இடத்தோடு மூன்றும் ஒரே தூர முக்கோணமாக வரும்படி பாருங்கள். செலவில்லாத வேலை. சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள எங்கள் ஊர் வீடுகளில் ஒரு பாயும் தடித்த திரைச்சீலையும் போட்டாலே எதிரொலி குறைந்துவிடும்.

கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில காத்தாடி போடாம இருக்கேலாது. அதுக்குள்ள எங்க ஹை-ரெஸ்?

வைகாசிக்குப் பிறகு இந்த ஊரில் காத்தாடியை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேள் என்று யாருக்கும் சொல்ல முடியாது. கணக்கை மட்டும் பாருங்கள். காத்தாடி ஓடும் அறையில் 45 டெசிபல் அளவு இரைச்சல் எப்போதும் இருக்கும். இறுவட்டின் 96 டெசிபல் தூரம் முழுவதையும் அந்த இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமென்றால் உச்ச ஒலி 140ஐத் தொட வேண்டும். 120க்கு மேலேயே காது வலிக்கத் தொடங்கும். அப்படியிருக்க 24 பிட்டின் கூடுதல் ஆழத்துக்கு அந்த அறையில் வேலையே இல்லை.

காதை மூடும் ஹெட்போன் வெளி இரைச்சலில் ஒரு பங்கை வெட்டும், இறுக்கமான இயர்போன் இன்னும் கூட. அல்லது வாடைக்காற்று தொடங்கி, மழை ஓய்ந்த இரவைப் பாருங்கள். எங்கள் கூட்டம் சனி இரவு பத்துக்குப் பிறகு தொடங்குவது அதனால்தான். தெருவில் ஓட்டோக்கள் அடங்கியிருக்கும், கோயில் ஒலிபெருக்கியும் ஓய்ந்திருக்கும்.

வீடு உப்புவெளியில, கடலுக்குக் கிட்ட. சாமான் எல்லாம் கறள் பிடிக்குது.

கரகரப்பு வந்தால் பாட்டுக் கோப்பைக் குறை சொல்ல முன்னர் ஹெட்போன் பிளக்கைப் பாருங்கள். உப்புக்காற்று அந்த உலோக வளையங்களில் ஒரு மங்கல் படலத்தை உண்டாக்கும். ஐசோபுரோபைல் அல்ககோலில் பஞ்சை நனைத்துத் துடைத்து, காயவிட்டுச் செருகுங்கள். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைகிறது என்ற முறைப்பாடு பாதிக்கு மேல் இதோடு தீரும்.

டாக், இயர்போன் எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல் போட்டு மூடிய டப்பாவில் வையுங்கள். ஸ்பீக்கர் கூம்பின் ஓரத்தில் இருக்கும் ஸ்பொஞ்சு வளையம் ஈரக்காற்றில் பொடிந்துபோகும். ரப்பர் வளையம் உள்ளதை வாங்கினால் இங்கே நீடிக்கும்.

பாட்டுக்கு நடுவில 'உம்ம்ம்' எண்டு ஒரு இரைச்சல். ஃபைல் பிழையா?

மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல். லப்டொப்பில் கேட்கிறீர்கள் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால் சார்ஜர் வழியாக வருகிறது. நிற்காவிட்டால், அம்ப்ளிஃபயரையும் கணினியையும் ஒரே பிளக் பலகையில் போட்டுப் பாருங்கள். எர்த் வயரைக் கழற்றினால் இரைச்சல் போகும் என்று யாராவது சொல்வார்கள். அதைச் செய்யவே வேண்டாம், உயிர் ஆபத்து.

யூடியூபில 'திரில்லர் 24 பிட்' எண்டு போட்டிருக்கே, அது?

யூடியூப் எதை ஏற்றினாலும் தன் முறையில் சுருக்கித்தான் தரும். தலைப்பில் உள்ள எண்ணுக்கு அங்கே பொருள் இல்லை.

எம்கியூஏ எண்டு எழுதின ஃபைல் ஒண்டு தந்தாங்க. வைச்சிருக்கவா?

அது ஹை-ரெஸ்ஸைச் சின்னக் கோப்புக்குள் மடித்துத் தருவதாகச் சொன்ன முறை. ஃப்ளாக் போல இழப்பே இல்லாத முறை அல்ல. அதை வைத்திருந்த நிறுவனம் 2023இல் நொடித்தது, டைடல் சேவை 2024இல் அதைக் கைவிட்டது. அதே அல்பம் ஃப்ளாக்கில் கிடைத்தால் அதை எடுங்கள்.

சரி, ஹெட்போன் போட்டு இருந்திட்டன். எதைக் கேட்கிறது?

முதல் முறை எதையும் தேடாமல் கேளுங்கள். இரண்டாம் முறை 'பில்லி ஜீன்' மேளம். லியொன் சான்ஸ்லர் அடித்தது. 'இண்டுகு' என்றுதான் எல்லோரும் அவரை அழைப்பார்கள். ஸ்வீடியன் அதற்காகவே மேடை ஒன்று செய்து மேளத்தை அதன்மேல் வைத்தார், அடிமேளத்துக்கு ஜிப் வைத்த உறை தைத்து அதற்குள் மைக்கை விட்டார், சினெயருக்கும் பக்கத்துத் தாளத்தட்டுக்கும் நடுவில் பலகை ஒன்றை நிறுத்தினார். ஒன்றின் ஒலி மற்றதில் கலக்கக்கூடாது என்பதுதான் நோக்கம். அந்தப் பாட்டை அவர் 91 முறை கலந்தார். கடைசியில் குவின்சி ஜோன்ஸ் திரும்பிப் போய் எடுத்தது இரண்டாவது கலவை. அந்தப் பாட்டின் சில பின்னணிக் குரல்களை ஜாக்சன் நீண்ட அட்டைக் குழாய்க்குள் பாடினார். முதன்மைக் குரலோடு சேர்த்துக் கேட்கும்போது அவை கொஞ்சம் தள்ளி, வேறொரு அறையிலிருந்து வருவதுபோல் இருப்பதைக் கவனியுங்கள்.

ஜாக்சன் பாடும்போது சும்மா நிற்பதில்லை. விரலைச் சொடுக்குவார், காலால் தாளம் போடுவார். ஸ்வீடியன் அவற்றைச் சுத்தம் செய்யாமல் அப்படியே விட்டார். அமைதியான இடங்களில், வரிகளுக்கு நடுவில், அந்தச் சின்னச் சத்தங்களைப் பிடியுங்கள். போன் ஸ்பீக்கரில் நாற்பது வருடம் கேட்டாலும் அவை வராது.

'பீட் இற்'றில் எட்டி வான் ஹேலனின் கிற்றார் தனி வாசிப்பைத் தெரியாதவர் இல்லை. அல்ப உறையில் அந்தப் பாட்டுக்கு ஜாக்சனின் பெயருக்கு நேரே மேளப்பெட்டி தட்டியவர் என்றும் போட்டிருக்கும். தலைப்புப் பாட்டின் தொடக்கத்தில் கதவு கிரீச்சிடுவதும் காலடிச் சத்தமும் இருட்டில் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்று விரலால் காட்ட முடிகிறதா பாருங்கள். எங்கள் வீட்டில் சின்னவர்களுக்குப் பிடித்த இடம் இதுதான்.

இசைத்தட்டுத்தான் எல்லாத்துக்கும் மேல எண்டு மாமா சொல்றார். உண்மையா?

மாமா தட்டை எடுத்துத் துடைத்து ஊசி வைத்துக் கேட்கிறார் என்றால் அவர் கவனமாகக் கேட்கிறார், அது பெரிய விஷயம். ஆனால் தட்டுக்கு அதன் கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு பக்கத்தில் நிமிடம் கூடினால் பள்ளங்களை நெருக்கிச் சின்னதாக வெட்ட வேண்டும், ஒலி மெலியும். 'திரில்லர்' முதலில் முடிந்தபோது நடந்தது இதுதான். பாட்டுகள் நீளமாக இருந்ததால் தட்டில் கேட்டபோது ஒலி எடுபடவில்லை. வெளியீட்டை நிறுத்தி, பாட்டுகளை வெட்டிச் சுருக்கி, எல்லாவற்றையும் மறுபடி கலந்தார்கள். இன்று இருக்கும் முதல் பக்கம் 20 நிமிடம், இரண்டாவது 22 நிமிடம் அளவு.

இன்னொன்றும் மாமாவிடம் சொல்லுங்கள். மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் விலைகூடிய தட்டுகளை, முழுக்க அனலொக் என்று நம்பி உலகம் முழுக்க வாங்கினார்கள். அவற்றில் பல, மூல டேப்பை முதலில் உயர்தர டிஜிட்டலாக்கி அதிலிருந்து வெட்டியவை என்று 2022இல் தெரிய வந்தது. அந்த நேரம் அவர்கள் அறிவித்திருந்த தட்டுகளில் 'திரில்லர்' நாற்பதாம் ஆண்டுப் பதிப்பும் ஒன்று. அனலொக் வேறு, டிஜிட்டல் வேறு என்று காதாலேயே சொல்லிவிடலாம் என்றிருந்த பெரிய பெரிய விமர்சகர்கள் பல வருடமாக அந்தத் தட்டுகளைப் புகழ்ந்திருந்தார்கள். தட்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. நல்ல மாற்றமும் நல்ல மாஸ்டரும் இருந்தால் நடுவில் டிஜிட்டல் வந்தது யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு வயசு அறுபது தம்பி. இனி ஹை-ரெஸ் கேட்டு என்ன பயன்?

அறுபதில் 12 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே பலருக்குக் கேட்பதில்லை, உண்மை. 20க்கு மேலே உள்ளதற்காக மட்டும் காசு கொடுப்பது வீண். ஆனால் மேளத்தின் எழும்புதல், குரலின் மூச்சு, பேஸ் கிற்றாரின் நடை எல்லாம் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. மேலே சொன்ன நல்ல மாஸ்டர், நசுக்கிய மாஸ்டர் வித்தியாசம் எந்த வயதிலும் கேட்கும். சத்தத்தை மட்டும் அளவாக வையுங்கள்.

உண்மையில ஆருக்காவது இறுவட்டுக்கும் ஹை-ரெஸ்ஸுக்கும் வித்தியாசம் கேட்டிருக்கா?

ஆய்வு செய்திருக்கிறார்கள். 2007இல் மேயர், மொரான் என்ற இருவர் ஹை-ரெஸ் ஒலியை நடுவில் இறுவட்டுத் தரத்துக்குக் குறைத்து, எது எது என்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது ஏறக்குறைய பாதி. அது நாணயம் சுண்டினாலும் வரும் அளவு. 2016இல் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜொசுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 52.3 வீதம் வந்தது. பயிற்சி பெற்றவர்கள் இன்னும் கொஞ்சம் கூடச் சரியாகச் சொன்னார்கள்.

ஒன்றுமே இல்லை என்பதும் சரியில்லை, வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம் என்பதும் சரியில்லை என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

நான் வீட்டிலயே சோதிச்சுப் பார்க்க ஏலுமா?

ஏலும், ஒரு நிபந்தனையோடு. கடையில் வாங்கிய இறுவட்டையும் ஹை-ரெஸ் கோப்பையும் வைத்து ஒப்பிடாதீர்கள், இரண்டும் வேறு மாஸ்டராக இருக்கலாம். உங்கள் 24 பிட் 96 கோப்பை எடுத்து, அதிலிருந்தே ஒரு 16 பிட் 44.1 பிரதி செய்யுங்கள். இப்போது மாஸ்டர் ஒன்று, எண் மட்டும் வேறு. கணினியில் ஃபூபார்2000 மென்பொருளில் ஏபிஎக்ஸ் என்ற சேர்க்கை உண்டு. எது எது என்று காட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டி உங்கள் பதிலைக் குறித்துக்கொள்ளும்.

பதினாறு முறை செய்யுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியென்றால் அது அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. எட்டு, ஒன்பது வந்தால் உங்கள் காதுக்கு இரண்டும் ஒன்றுதான், இறுவட்டுத் தரத்தையே நிம்மதியாகக் கேட்கலாம்.

நான் சோதிச்சனான், எனக்கு வித்தியாசம் கேட்குது. 20க்கு மேல உள்ளது காதுக்குக் கேட்காட்டியும் உடம்பு உணரும்தானே?

கேட்டது பொய் என்று சொல்லமாட்டேன், காரணத்தைத் தேடுவோம். முதலில் சத்த அளவு. கால்வாசி டெசிபல் கூடினாலே அது தரம் கூடியதுபோல் தோன்றும், இரண்டையும் பத்தில் ஒரு டெசிபலுக்குள் சமப்படுத்த வேண்டும். அடுத்தது, பிரதி எடுத்த மென்பொருள் ஒழுங்காக மாற்றியதா என்பது. மூன்றாவதுதான் சிக்கலானது. 20க்கு மேலே உள்ள ஒலி, திறமில்லாத அம்ப்ளிஃபயரிலோ ஸ்பீக்கரிலோ போகும்போது ஒன்றோடொன்று மோதி, கேட்கும் எல்லைக்குள் புதுச் சத்தங்களை உண்டாக்கும். அப்படியென்றால் நீங்கள் கேட்ட வித்தியாசம் ஹை-ரெஸ் கோப்பு உங்கள் கருவியில் கொஞ்சம் மோசமாக ஒலிக்கிறது என்பதுதான்.

சரிபார்க்க வழி உண்டு. வேறொருவரின் கருவியில், வேறு ஹெட்போனில் அதே இரண்டு கோப்புகளையும் சோதியுங்கள். அங்கேயும் 12க்கு மேல் எடுத்தால் என்னை அவசியம் கூப்பிடுங்கள், நானும் வந்து இருந்து கேட்கிறேன்.

போலி ஹை-ரெஸ் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

இறுவட்டுக் கோப்பை எடுத்து எண்ணை மட்டும் 96 ஆக்கி விற்பவர்கள் உண்டு. ஒரு கொத்து அரிசியைப் பெரிய சாக்கில் கொட்டினால் அரிசி கூடாது. ஸ்பெக் என்ற சின்ன மென்பொருளில் கோப்பைப் போட்டால், அதில் எத்தனை கிலோஹேர்ட்ஸ் வரை ஒலி இருக்கிறது என்று காட்டும் படம் வரும். 22 கிலோஹேர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் இறுவட்டிலிருந்து வந்தது. 16இல் நின்றால் பழைய எம்பி3. டேப்பிலிருந்து ஒழுங்காக எடுத்ததென்றால் மேலே போகப் போகத் தேய்ந்து, டேப் இரைச்சலோடு மெல்ல மறையும்.

அப்ப எண்பதுகளின்ர தமிழ்ப் பாட்டு? 24 பிட் எண்டு நிறைய வருதே.

மேலே சொன்ன ஸ்பெக் சோதனையைச் செய்யுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். வரும் கோப்புகளில் பல பழைய இசைத்தட்டை ஓட்டிப் பதிந்தவை. தட்டின் கீறல், தூசி எல்லாம் 22க்கு மேலேயும் ஒலி எழுப்பும், அதனால் படத்தில் பார்க்க உண்மையான ஹை-ரெஸ் போலவே இருக்கும். சோதனையில் தேறிவிடும்.

அதற்குக் காதுதான் வழி. பாட்டு தொடங்க முன்னர் உள்ள அமைதியிலும், பல்லவி முடிந்து புல்லாங்குழல் தனியாக வரும் இடத்திலும் 'டிக், டிக்' என்று கேட்கிறதா, அடியில் மெல்லிய உறுமல் ஓடுகிறதா என்று ஹெட்போனில் கேளுங்கள். கேட்டால் மூலம் தட்டு. தட்டிலிருந்து அக்கறையோடு எடுத்ததென்றால் வைத்துக் கேளுங்கள், அந்தப் பாட்டுக்கு அதைவிட நல்ல மூலம் வெளியில் கிடைக்காமலும் இருக்கலாம். மூல டேப்பிலிருந்து எடுத்தது என்று சொல்லி யாராவது அதற்குத் தனி விலை கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.